மேலப் பாதை

என் தங்கையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம். குளிக்கும்போது பேசுவாள், சாப்பிடும்போது பேசுவாள், பேச ஆள் கிடைக்காவிட்டால் கழற்றிப் போட்ட செருப்போடு பேசுவாள். "எல்லாம் வச்சவன் இதுக்கு நிறுத்துற சுவிட்சை மட்டும் வைக்காம விட்டுட்டான்" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

அவளுக்கு வேலையும் அந்த வாயால்தான் கிடைத்தது. தீப்பிடித்தாலோ வண்டி கவிழ்ந்தாலோ ஓர் எண்ணுக்குப் போன் போடுகிறோமே, அந்தப் போனை எடுக்கிற கட்டுப்பாட்டு அறையில் வேலை. எங்கே, என்ன, எத்தனை பேர் என்று கேட்டு ஆட்களை அனுப்ப வேண்டும். அவர்கள் போய்ச் சேரும்வரை கூப்பிட்டவரைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு தடவை அந்த அறையில் இரும்பு அலமாரியின் கால் ஒடிந்துவிட்டது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற நான்தான் ஒட்டப் போனேன். ஜன்னல் கிடையாது. வரிசையாக மேசைகள், சக்கரம் வைத்த நாற்காலிகள். காதில் மாட்டுகிற ஹெட்போனின் பஞ்செல்லாம் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. பேச்சு நடக்கும்போது தீப்பொறி பறக்கக் கூடாது என்று என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். இவள் யாரோ ஒரு ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் மனைவிக்கு வீட்டிலேயே பிரசவ வலி கண்டுவிட்டது போலிருக்கிறது. "நான் இங்கயேதான் இருக்கேன் ஐயா. எங்கயும் போகல. அவங்க கையைப் பிடிச்சுக்குங்க" என்றாள். வீட்டில் எங்கள் காதைப் புண்ணாக்குகிற வாய்தானா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தி நிதானமாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் பேசினாள். வந்த வேலை மறந்து போய்விட்டது எனக்கு.

போன வருஷம், குளிர் விட்டு மலையில் பூப் பூக்கிற நாட்களில் அந்தப் போன் வந்தது.

ஒரு பெண் பேசினார். பூப் பார்க்க வந்த இடத்தில் கணவர் சறுக்கி விழுந்துவிட்டார், பாறை விளிம்பு தொடையைக் கிழித்துவிட்டது, இரத்தம் நிற்கவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று இவள் கேட்டாள்.

"மேலப் பாதைங்க."

"மேல் பாதையா?"

"ஆமாங்க, மேலப் பாதைதான். அவரு கீழ கிடக்காருங்க."

அந்த மலையின் உச்சியை ஒட்டி ஒரு பாதை போகிறது. ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு அங்கே ஏறினார்கள். அந்த அம்மா சொன்னதோ மேற்குப் பாதையை. அவர் மாதிரி மலையடிவாரத்து ஆட்களுக்கு மேல என்றால் மேற்கு. மேலத் தெரு, மேலக் காடு என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. டவுனில் வளர்ந்த என் தங்கைக்கு மேல என்றால் மாடி. அந்த மேலப் பாதை மலையின் மறுபக்கச் சரிவில் கீழே இறங்குகிற பாதை. போனும் பாதியில் அறுந்து போனது. இவள் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. உச்சி முழுக்கத் தேடியவர்கள் இறங்கி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா கணவரின் தலையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாராம். அவர் உயிர் போய் நேரமாகிவிட்டது.

விசாரணை வைத்தார்கள். பேச்சுப் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார், உறுதியும் செய்துகொண்டிருக்கிறார், இவர்மேல் தவறில்லை என்று முடித்துவிட்டார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள். தவறில்லை என்று சொன்னதில்தான் ரேடியோ நின்று போனது.

ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து இரும்புக் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். பதிவில் கேட்டதைச் சொன்னாள். அந்த அம்மா நடுநடுவே போனை விட்டுவிட்டு "ஏங்க, ஏங்க" என்று கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். அறுந்து போவதற்கு முன்னால் கடைசியாகச் சொன்னது வேறு.

"'பூவெல்லாம் மிதிபட்டுப் போச்சுங்க'ன்னாங்கண்ணா. புருஷன் அங்க செத்துக்கிட்டு இருக்காரு. இவங்க பூவைப் பத்தி ஏன் சொன்னாங்க? யாருகிட்டச் சொன்னாங்க?"

பதறிய நேரத்தில் மனுஷங்க எதையாவது உளறுவாங்க என்றேன். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் அதற்குள் அந்தக் குரல் இருக்கிறதாம். வீட்டில் அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, தையல் மிஷினை ஓட்டினால் அதற்குள்ளும் இருக்கிறதாம். அவர் பாவம், இவள் கூடத்துக்குள் நுழைந்தாலே மிதிக்கிற காலை நிறுத்திவிடுவார்.

கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் பழைய கோப்புகளை அடுக்குகிற அறை ஒன்று உண்டு. கெஞ்சிக் கேட்டு அங்கே மாற்றிக்கொண்டாள். அது கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு மேற்பார்வையாளர் தேர்வு வந்தது. பாஸானால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலி, போனைத் தொடவே வேண்டாம். எழுதாவிட்டாலும் தேறாவிட்டாலும் மறுபடி ஹெட்போன்தான், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். "அந்த நாற்காலியில திரும்ப உட்கார வச்சா நான் செத்துருவேண்ணா" என்றாள். அதனால்தான் படித்தாள்.

படிப்பு நடந்தது இஸ்திரி மேசையில். துணித் துண்டுகள், துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி, கத்தரி எல்லாவற்றுக்கும் நடுவே புத்தகங்கள். இடத்தை உறுதி செய்வது எப்படி என்று ஒரு பாடம். அந்தப் பாடத்தின் முதல் வரிக்கு வருவாள், எழுந்து போய்க் கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவுவாள்.

மாப்பிள்ளை எனக்குப் போன் போட்டார். "மச்சான், ஒரு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போங்களேன். எத்தனை நாளா ஒரே பக்கத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கா. அந்தப் பக்கமே வெட்கப்பட்டுக் குப்புறப் படுத்துரும் போல இருக்கு."

"நீங்க கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"நான் கூப்பிட்டா துணியை யாரு தைப்பாங்கிறா. உங்ககிட்டன்னா பயம்."

"என்னைப் பார்த்துப் பயப்படுறது என் பட்டறை நாய் மட்டும்தான் மாப்பிள்ளை. அதுவும் தீப்பொறி பறந்தாத்தான்."

ஆனாலும் போய்க் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் வந்தாள். ரொட்டி, அவித்த முட்டை, ஒரு பிளாஸ்க் தேநீர். வண்டியைக் கிளப்பிவிட்டு எங்கே போகலாம் என்று கேட்டேன்.

"மலையில பூப் பூத்திருக்காம். அங்கயே போகலாம்."

வண்டியை ஓரம் கட்டினேன். "உலகத்துல வேற மலையே இல்லையாடி உனக்கு?"

"ஒரு வருஷமா தினமும் அங்கதாண்ணா இருக்கேன். ஒரு தடவைகூட அந்த இடத்தைப் பார்த்ததில்ல."

மறுபடி வண்டியைக் கிளப்பி ஓட்டினேன்.

மலைமேல் வண்டி நிறுத்துகிற இடத்தில் காவலுக்கு ஒரு பெண் இருந்தார். ஆம்பளைச் சட்டை, பெரிய தொப்பி. பிளாஸ்டிக் பை கொண்டு போகக் கூடாது என்று எங்கள் பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "உச்சிக்குப் போகாதீங்க, காத்து ஆளைத் தள்ளுது. மேலப் பாதையில இறங்குங்க. பூவெல்லாம் அங்கதான் கொட்டிக் கிடக்கு."

"மேலப் பாதையில... இறங்கணுமா?" என்றாள் என் தங்கை.

"பின்ன? ஏறுனா எங்க போவீங்க, வானத்துக்கா?"

அந்தப் பெண் சிரித்தார். இவளும் சிரித்தாள். அது கேட்க நன்றாக இல்லை. வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் நடந்தாள்.

பாதை சரிவை அணைத்துக்கொண்டு இறங்கியது. பீச்சாங்கைப் பக்கம் மலை, சோத்துக்கைப் பக்கம் பள்ளம். பூவைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. பாதையோரம் சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள், கண் கூசுகிற மாதிரி. அதற்குக் கீழே ஈரமான சரிவில் ஊதா, ஒவ்வொன்றும் மெல்லிய காம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, இத்தனை எப்படி வந்தது என்று எரிச்சல்கூட வந்தது. தேனீச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

அவள் தூங்குகிற குழந்தைகளைத் தாண்டிப் போகிறவள் மாதிரி நடந்தாள். இடைவெளி பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள்.

"இங்கயாண்ணா இருக்கும்?"

"தெரியலையே."

"இந்தப் பாறையா?"

எல்லாப் பாறையும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஒரு மனிதன் விழுந்து கிடந்த இடம், ஒரு பெண் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்த இடம், கொஞ்சமாவது தெரிய வேண்டாமா? ஒரு குழி, ஒரு காய்ந்த செடி? ஒன்றுமில்லை. மேலே பூ மூடிவிட்டது. அதுதான் அவளை வாட்டியது. முகத்தில் தெரிந்தது.

மூடுபனி கீழேயிருந்து ஏறி வந்தது. நான் ஷூவின் கயிற்றைக் கட்டக் குனிந்தேன். அவள் அடுத்த திருப்பத்தைத் தாண்டி இறங்கிப் போய்விட்டாள். நிமிர்ந்தால் எல்லாம் வெள்ளை.

அப்போது, "ஏங்க" என்று ஒரு குரல்.

என் மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. என்னை ஏங்க என்று கூப்பிட இப்போது யாருமில்லை. ஆனால் கேட்டுப் பழகின காது, நான் யோசிப்பதற்குள் உடம்பைத் திருப்பிவிட்டது. பூப் பார்க்க வந்தவர்கள் யாராவது உதவிக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். "யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தேன். மறுபடி, இன்னும் கொஞ்சம் தள்ளி, "ஏங்க." பதறின குரலில்லை. சாப்பிடக் கூப்பிடுவது போல் சாதாரணமாக இருந்தது. இன்னும் நடந்தேன். பிறகு குரலும் இல்லை, பாதையும் இல்லை. ரேடியோ என்று கத்தினேன். பனி அதை விழுங்கிவிட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. அவள்தான்.

"எங்கண்ணா இருக்க?"

"இங்கதான்டி. மேல இருக்கேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"மேலன்னு எதைச் சொல்றீங்க ஐயா?"

"யாருடி ஐயா? நான் உன் அண்ணன்டி."

"கேக்குது, சொல்லுங்க. மேலன்னா எது?" பட்டறையில் வந்து உட்கார்ந்து புலம்பினவளின் குரலில்லை அது. ஜன்னலில்லாத அறையில் நான் கேட்ட குரல்.

"உனக்கு மேலதான். பாதை இறங்குது, நீ முன்னால போயிட்ட. அப்ப நான் மேலதானே?"

"பாதையிலயா நிக்கிறீங்க?"

"இல்ல. பாதையைக் காணோம்."

"அசையாதீங்க. ஒரு அடிகூட வைக்காதீங்க. தரை எந்தப் பக்கம் ஏறுது, சோத்துக்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

"பீச்சாங்கை."

"காலடியில என்ன பூ?"

"பூதான்டி, பூ! எனக்கென்ன பேரா தெரியும்?"

"நிறம் சொல்லுங்க."

"ஊதா."

"மஞ்சள் இருக்கா?"

குனிந்து பார்த்தேன். "ஒண்ணுகூட இல்ல."

"எந்தப் பக்கம் பார்த்து நடந்துக்கிட்டு இருந்தீங்க?"

குரல் வந்த பக்கம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "நேரா" என்றேன்.

"ஒரு கல்லை எடுத்து நேரா முன்னால போடுங்க."

முஷ்டி அளவுக்கு ஒரு கல்லை எடுத்துப் போட்டேன். அது விழுந்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அந்தச் சத்தம் வரவே இல்லை.

"கேட்டுச்சா?"

"இல்ல" என்றேன். இதற்குமேல் மூன்று நாலு அடி வைத்திருந்தால் என்னைத் தேடவும் இப்படித்தான் ஸ்ட்ரெச்சரோடு வந்திருப்பார்கள்.

அவள் குரல் மாறவில்லை. "நான் இருக்கேன். பீச்சாங்கைப் பக்கம் திரும்புங்க. கையை ஊனிக்கிட்டே ஏறுங்க. பேசிக்கிட்டே ஏறுங்க."

"என்னத்தைப் பேசுறது?"

"யாரையாவது திட்டுங்க. அது உங்களுக்கு நல்லா வரும்."

மாப்பிள்ளையைத் திட்டினேன், மலையைத் திட்டினேன், மூடுபனியைப் பெற்றவர்களைத் திட்டினேன். லைன் அறுந்து போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "நின்ன இடத்துலயே நில்லுங்க. நான் வருவேன்" என்றாள். கையில் ஈரமண் ஒட்டியது. கொஞ்ச நேரத்தில் விரலுக்கிடையில் மஞ்சள் வந்தது. பிறகு கெட்டியான தரை, பாதை. பக்கத்திலேயே அவள் நின்றுகொண்டிருந்தாள், போனைக் காதில் வைத்தபடி.

"வந்துட்டேன்டி. வை போனை."

"நீங்க முதல்ல வைங்க ஐயா" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள். வைத்தேன். அதற்கப்புறம்தான் அவளும் காதிலிருந்து போனை எடுத்தாள்.

பாதையோரம் உட்கார வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன். பிறகு கேட்டேன். "நீ என்னை ஏங்கன்னு கூப்பிட்டியா?"

"நான் எதுக்கு உன்னை ஏங்கன்னு..." பாதியில் நிறுத்தினாள். "எங்கேருந்து கேட்டுச்சு?"

பள்ளத்தின் பக்கம் கை காட்டினேன். அவள் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடுபனி வந்த மாதிரியே விலகிக்கொண்டிருந்தது. நான் இறங்கிப் போய் ஏறி வந்த தடம் மெல்லத் தெரிந்தது. ஊதாவுக்கு நடுவே, ஆள் அகலத்துக்கு, நசுங்கிப் பச்சையாக ஒரு கோடு. பாதையில் ஆரம்பித்துப் பள்ளத்தின் விளிம்பு வரை போய்த் திரும்பியிருந்தது.

"அடடா, பூவெல்லாம் மிதிச்சுட்டேன் போல" என்றேன், யோசிக்காமல்.

அவள் கையிலிருந்த கோப்பை சாய்ந்து தேநீர் மடியில் கொட்டியது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அடையாளம் சொல்லியிருக்காங்கண்ணா."

"யாரு?"

"உளறலண்ணா அவங்க. இடம் சொல்லியிருக்காங்க. பூ மிதிபட்டிருக்கிற இடத்துல பாருங்க, நாங்க அதுவழியா இறங்கினோம்னு சொல்லியிருக்காங்க. மேல கீழன்னு நான் குழப்புனேன்ல, அதான் வேற மாதிரி சொல்லிப் பார்த்திருக்காங்க. 'எந்தப் பூங்க, என்ன நிறம்'னு ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தா..."

அந்த அம்மா அப்படித்தான் நினைத்தாரா, வேறு எதையோ நினைத்தாரா, யாருக்குத் தெரியும்? ஆனால் நசுங்கின அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எனக்கும் வேறு அர்த்தம் தோன்றவில்லை. அவள் சரிவைப் பார்த்து உட்கார்ந்தபடியே சத்தம் போட்டு அழுதாள். ஒரு வருஷமாக யாரும் அவளை அழவிடவில்லை. தேனீக்கள் தம்பாட்டுக்கு வேலை பார்த்தன.

வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது, "கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ந்தா நான் யாருகிட்ட என்னத்தைக் கேக்குறது?" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

தேர்வு அன்றைக்கு மாப்பிள்ளை போன் போட்டார். "மச்சான், பூப் பார்க்கத்தானே கூட்டிட்டுப் போகச் சொன்னேன். இவ பரீட்சைக்குப் போகாம யூனிபார்ம் மாட்டிக்கிட்டு டியூட்டிக்குப் போறேங்கிறா. அந்த நாற்காலியே வேணுமாம். நேத்தே போய் எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாளாம்."

"போகட்டும் விடுங்க."

"அழுதுக்கிட்டே தலை சீவுறா மச்சான்."

"அழட்டும். சீவுறாளா இல்லையா?"

நானே போய்க் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் இறக்கிவிட்டபோது வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். கதவின் கைப்பிடி ஈரமாகிவிட்டது. போகிறாளா, திரும்பி ஏறி உட்காரப் போகிறாளா என்று நான் எஞ்சினை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போனாள்.

அடுத்த விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் அழைப்பிலேயே திட்டு வாங்கினாளாம். கிணற்றடியில் வழுக்கி விழுந்த மாமியாருக்காக ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறார். இவள் வாசல் எந்தக் கைப் பக்கம், எதிரே என்ன நிறச் சுவர், வீட்டுக்கு முன்னால் மரம் இருக்கிறதா, என்ன பூத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போக, "வண்டி அனுப்புவீங்களா, எங்க வீட்டுக்குப் பொண்ணு பார்க்க வரப் போறீங்களா?" என்று அந்தப் பெண் கத்தினாராம். கத்தக் கத்த இவள் கேட்டாளாம்.

"வண்டி சரியாப் போச்சா?"

"போச்சு."

அந்தக் குரலைப் பற்றிக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டுவிட்டேன்.

"இருக்கு" என்றாள். "ஹெட்போனை மாட்டுனதும் முதல்ல அவங்கதான். யாரும் கூப்பிடுறதுக்கு முன்னாடியே வந்துடுவாங்க. கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டு இருப்பேன். அப்புறம் அடுத்த ஆளை எடுப்பேன்."

ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். உப்பு போதவில்லை என்று என் சமையலைக் குறை சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுந்து போய் உப்பு எடுத்து வந்தேன்.